கம்பியில்லாத் தொலைபேசியும் பதில் எந்திரமும்: இல்லத்தார் கண்ட அனுபவங்கள்

முன்னுரை

அறிவியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரு கருவியைக் கண்டுபிடித்தவர் பெயரையும் ஆண்டையும் குறித்துவிட்டு அமைந்துவிடுகின்றனர். அக்கருவி கடைத்தெருவுக்கு வந்து, விலைபோய், ஒரு வீட்டின் மேசைமீது அமர்ந்த பின்னர் நேர்ந்தவை அவ்வரலாற்றில் அருகியே இடம்பெறுகின்றன. ஆயினும், ஒரு கருவியின் குறையையும் நிறையையும் முழுதாக அறிந்தவர்கள் அதனை நாள்தோறும் கையாண்ட இல்லத்தாரே ஆவர். அவர்கள் பட்ட பாடும், எழுப்பிய முறையீடுகளுமே பல கருவிகளைச் செம்மைப்படுத்தியுள்ளன. கல்விக்கூடங்களில் அறிவியல் பயிலும் மாணவர்கள் இவ்வுண்மையை உணர்ந்திருத்தல் நலம்.

இதனை விளக்குவதற்கு இரண்டு வீட்டுக் கருவிகளை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று, கம்பியால் பிணைக்கப்படாமல் கையோடு எடுத்துச் சென்று பேசத்தக்க 'கார்ட்லெஸ்' எனப்படும் கம்பியில்லாத் தொலைபேசி. மற்றொன்று, வீட்டில் ஆளில்லாத வேளையில் அழைப்பை ஏற்று, அழைத்தவர் குரலைப் பதிந்துவைக்கும் 'ஆன்சரிங் மெஷின்'. இதனைப் பதில் எந்திரம் என்று இக்கட்டுரையில் குறிப்போம். இவ்விரண்டும் 1970களிலும் 1980களிலும் அமெரிக்க இல்லங்களில் பரவின. பின்னர் ஒரே பெட்டிக்குள் இணைந்தும் விற்பனைக்கு வந்தன. அந்நாட்டு இல்லத்தாரின் அனுபவங்கள் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் மருத்துவ இதழ்களிலும் அரசு விதிகளிலும் பதிவாகியுள்ளமையால், அந்நாட்டு நிகழ்வுகளையே சான்றாகக் கொள்கிறோம்.

சொந்தமில்லாத தொலைபேசி

வாடிக்கையாளரின் அனுபவம் என்பது, பொருள் அவருக்கு உரிமையான பின்னரே முழுமை பெறுகிறது. நெடுங்காலமாக அமெரிக்க இல்லங்களில் இருந்த தொலைபேசி அவ்வீட்டாருக்குச் சொந்தமானதன்று. பெரும்பாலான ஊர்களுக்குக் கம்பியிழுத்த பெல் நிறுவனக் குழுமமே கருவிக்கும் உரிமையாளராக இருந்தது. வீட்டார் மாதந்தோறும் வாடகை செலுத்தினர். பிறர் செய்த கருவிகளை அந்தக் கம்பியில் இணைப்பதை நிறுவனத்தின் விதிகள் தடுத்தன.

டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர் எண்ணெய் வயல்களிலும் பண்ணைகளிலும் பணிபுரிவோர் தம் வானொலிக் கருவியின் வழியே தொலைபேசியில் பேசுமாறு 'கார்ட்டர்ஃபோன்' என்னும் கருவியைச் செய்து விற்றார். அதனைத் தொலைபேசி நிறுவனம் எதிர்த்தது. வழக்கை ஆராய்ந்த அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், தொலைபேசி அமைப்புக்குக் கேடு செய்யாத பிறர் கருவிகளை இணைக்கலாம் என்று 1968இல் தீர்ப்பளித்தது. 1970களில் அக்கருவிகளைப் பதிவுசெய்வதற்கான முறைகள் வகுக்கப்பட்டன. 1984 ஜனவரி 1ஆம் நாள் பெல் குழுமம் பிரிக்கப்பட்டது. இவற்றின் பயனாகத் தொலைபேசி, கடையில் விலைகொடுத்து வாங்கும் ஒரு பண்டமாயிற்று.

உரிமை வந்தபோது பொறுப்பும் உடன் வந்தது. முன்பு கோளாறு நேர்ந்தால் ஒரே நிறுவனத்திடம் முறையிட்டால் போதும். இப்பொழுதோ, கம்பி நிறுவனத்தார் கருவியைக் குறைகூறினர். கருவி விற்றவர் கம்பியைக் குறைகூறினார். இடையில் நின்று இடர்ப்பட்டவர் வாடிக்கையாளரே. இதற்குக் காணப்பட்ட வழி எளியது. வீட்டின் வெளிப்புறத்தில், நிறுவனத்தின் கம்பி முடிந்து வீட்டாரின் கம்பி தொடங்கும் இடத்தில், ஒரு சிறு பெட்டி பொருத்தப்பட்டது. அதில் சாதாரணத் தொலைபேசி ஒன்றை நேரே செருகிப் பார்க்கலாம். அங்கும் ஒலி கேட்கவில்லையெனில் பழுது நிறுவனத்துடையது. அங்குக் கேட்டு உள்ளே கேட்கவில்லையெனில் பழுது வீட்டாருடையது. ஒரு வழக்கைத் தீர்க்கும் நடுவரைப் போல் அப்பெட்டி விளங்கிற்று எனலாம்.

காதருகில் ஒலித்த மணி

கம்பியில்லாத் தொலைபேசிக்கு அடிப்படையான ஒரு முறைக்கு ஒஹையோ மாநிலத்தவரான ஜார்ஜ் ஸ்வைகர்ட் 1966இல் விண்ணப்பித்து, 1969இல் காப்புரிமை பெற்றார். இதன் இயக்கத்தைச் சுருங்கக் கூறுவோம். சுவரிலுள்ள தொலைபேசிக் கம்பியோடும் மின்சாரத்தோடும் இணைந்திருப்பது தளக்கருவி. கையில் எடுத்துச் செல்வது கைக்கருவி. தளக்கருவி, கம்பியில் வரும் குரலை வானொலி அலையாக மாற்றிக் கைக்கருவிக்கு அனுப்பும். கைக்கருவி, பேசுவோர் குரலை வேறோர் அலைவரிசையில் திருப்பி அனுப்பும். ஆகவே, இது பாதி தொலைபேசி, பாதி சிறு வானொலி நிலையம் ஆகும். ஊரெங்கும் எடுத்துச் செல்லும் இன்றைய கைப்பேசியினின்று இது வேறானது. தன் வீட்டுத் தளக்கருவியை விட்டு நெடுந்தொலைவு செல்ல இதனால் இயலாது.

தோட்டத்தில் நீர் பாய்ச்சிக்கொண்டும், அடுக்களையில் சமைத்துக்கொண்டும் பேசலாம் என்னும் வசதி கண்டு மக்கள் இதனை விரும்பி வாங்கினர். ஆனால், தொடக்ககாலக் கைக்கருவிகள் பலவற்றில் ஒரு பெருங்குறை இருந்தது. அழைப்பு வரும்போது மணியொலி எழுப்புவதற்கென்று தனி ஒலிப்பான் அவற்றில் வைக்கப்படவில்லை. காதில் வைத்துக் கேட்கும் அதே ஒலிப்பானே உரத்த மணியையும் எழுப்பியது. மணி கேட்டதும் கைக்கருவியிலுள்ள விசையைக் காத்திருக்கும் நிலையிலிருந்து பேசும் நிலைக்கு நகர்த்திவிட்டு, அதன் பின்னரே காதில் வைத்தல் வேண்டும். பல்லாண்டுகளாகத் தொலைபேசியை எடுத்தவுடன் காதில் வைத்துப் பழகிய மனிதக் கை இப்புதிய ஒழுங்கை மறந்துவிட்டது. விசையை நகர்த்தாமல் காதில் வைத்தவருக்கு அடுத்த மணி செவிக்குள்ளேயே ஒலித்தது.

அவ்வொலியின் அளவு சுமார் 140 டெசிபல் என்று அளந்தறியப்பட்டது. இது துப்பாக்கி வெடிக்கும் ஒலியோடு ஒப்பிடத்தக்கது. ஒரே மணியில் நிலையான செவிக்கேடு அடைந்தோர் மருத்துவர்களிடம் வந்தனர். 1980களின் நடுப்பகுதியில் செவிநோய் மருத்துவ இதழ்கள் இத்தகைய நோயாளர்களைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டன. பின்னர் வந்த கருவிகளில் மணியொலிப்பான் காதுப் பகுதியிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது.

இங்கு ஓர் உண்மை நமக்குப் புலனாகிறது. அக்கருவியோடு தரப்பட்ட விளக்கக் கையேட்டில் எச்சரிக்கை இருந்திருக்கலாம். எனினும், மனிதரின் நெடுநாட் பழக்கத்துக்கு மாறாகக் கருவியைச் செய்துவிட்டு, பழக்கத்தைப் பழிப்பது முறையாகாது. கருவியே பழக்கத்துக்கு இசைந்துவர வேண்டும்.

அண்டை வீட்டுக் குரல்

முதலில் வந்த கருவிகளில் தளக்கருவி 1.7 மெகாஹெர்ட்ஸ் அளவிலும், கைக்கருவி 49 மெகாஹெர்ட்ஸ் அளவிலும் ஒலிபரப்பின. முதலிற் கூறிய அலை, அந்நாட்டு மத்திய அலை வானொலியின் எல்லைக்குச் சற்று அப்பாலே இருந்தது. எனவே, பக்கத்து வீட்டார் தம் வானொலிப் பெட்டியின் முள்ளைக் கோடிவரை திருப்பினால், அடுத்த வீட்டுக் குடும்பப் பேச்சு கேட்கும் நிலை ஏற்பட்டது. அலைவரிசைகளின் எண்ணிக்கையும் மிகக் குறைவு. ஒரே தெருவில் இருவர் ஒரே வரிசையிலமைந்த கருவியை வாங்கிவிட்டால், ஒருவர் வீட்டுக்கு வந்த அழைப்புக்கு மற்றவர் கைக்கருவி மணியடித்தது. ஒருவர் கைக்கருவியை எடுத்து எண்ணைச் சுழற்ற, அடுத்த வீட்டுத் தளக்கருவி வழியே அழைப்புச் சென்று, அடுத்த வீட்டாரின் கணக்கில் கட்டணம் ஏறுவதும் உண்டு.

முறையீடுகள் பெருகவே, தகவல்தொடர்பு ஆணையம் 1984இல் 46, 49 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் பத்து இணை அலைவரிசைகளை ஒதுக்கியது. அதன் பின்னர், தளக்கருவிக்கும் கைக்கருவிக்கும் மட்டுமே தெரிந்த இரகசியக் குறியெண் கட்டாயமாக்கப்பட்டது. 1991இலிருந்து அவ்விதி நடைமுறைக்கு வந்தது. 1995இல் அலைவரிசைகள் 25 இணைகளாக உயர்த்தப்பட்டன.

இங்கு வாடிக்கையாளர் பலர் ஏமாந்த ஓர் இடம் உண்டு. பெட்டியின்மேல் 'பாதுகாப்புக் குறியீடு உள்ளது' என்று அச்சிட்டிருந்ததைக் கண்டவர்கள், தம் பேச்சைப் பிறர் கேட்க முடியாது என்று நம்பினர். அக்குறியெண், பிறர் நம் கம்பியைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவதையே தடுத்தது. நம் பேச்சு முன்போலவே வெளிப்படையாக வானில் மிதந்துகொண்டிருந்தது. கதவுக்குப் பூட்டு உண்டு, ஆயினும் சுவர் இல்லை என்பது போன்ற நிலை அது. பேச்சையே இலக்கமுறையில் மாற்றி அனுப்பிய பிற்காலக் கருவிகளே இக்குறையைப் பெரிதும் போக்கின.

சட்டமும் தொடக்கத்தில் வாடிக்கையாளர் பக்கம் நிற்கவில்லை. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் மின்னணுத் தகவல்தொடர்பின் அந்தரங்கத்தைக் காக்கச் சட்டம் இயற்றியபோது, கம்பியில்லாத் தொலைபேசியின் வானொலிப் பகுதியை அப்பாதுகாப்பிலிருந்து விலக்கி வைத்தது. எளிதில் எவரும் கேட்கத்தக்க ஒன்றைக் கேட்பது எவ்வாறு குற்றமாகும் என்பதே அன்றைய வாதம். ஐயோவா மாநிலத்தில் ஒரு குடும்பத்தின் பேச்சை அண்டை வீட்டார் தம்முடைய கம்பியில்லாத் தொலைபேசியிலேயே கேட்டுவந்தனர். அதுபற்றித் தொடுக்கப்பட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989இல் தீர்ப்புக் கூறியது. அத்தகைய தொலைபேசியில் பேசுபவர் தம் பேச்சு மறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்க உரிமையில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். 1994இல்தான் சட்டம் திருத்தப்பெற்று, கம்பியில்லாத் தொலைபேசிப் பேச்சுக்கும் பாதுகாப்பு அளிக்கப்பட்டது.

இவ்வெட்டு ஆண்டுகளில், கணவன் மனைவியிடமும், நோயாளி மருத்துவரிடமும், கடன்பட்டவர் கடன் தந்தவரிடமும் பேசிய பேச்சுகள் எத்தனை தெருக்களில் ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு பேச்சைக் கேட்க இயலும் என்பதாலேயே கேட்கலாம் என்று ஆகிவிடாது. சட்டம் இதனை ஒப்புக்கொள்ளும் முன்பே, தற்செயலாகக் காதில் விழுந்ததும் வானொலியை அணைத்துவிட்ட நல்ல அண்டை வீட்டாரும் இருந்திருப்பர். அவர்கள் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இடம்பெறாது.

மின்கலமும் மின்தடையும்

ஏனைய அனுபவங்கள் சிறியவையெனினும் பயனுடையவை. அக்காலக் கைக்கருவிகளில் நிக்கல் காட்மியம் மின்கலமே இருந்தது. சில ஆண்டுகளில் அதன் ஆற்றல் குன்றும். பேச்சின் நடுவே குரல் தேய்ந்து மறையும். கருவி பழுதாயிற்று என்று எண்ணிப் பலர் தூக்கி எறிந்தனர். மின்கலத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பதைப் பழகியவர்களே அறிந்தனர். கம்பி இல்லாமையால் கைக்கருவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடும் தொல்லையும் நேர்ந்தது. தளக்கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால், மறைந்து கிடக்கும் கைக்கருவி ஒலியெழுப்பும் வசதி இதற்கு விடையாக அமைந்தது.

மின்தடையே பெருஞ்சோதனை. பழைய கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்னாற்றல் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தமையால், வீடு இருளில் மூழ்கினாலும் அது பேசும். தளக்கருவியோ வீட்டு மின்சாரத்தை நம்பியது. புயலில் மின்சாரம் நின்றபோது, உதவி தேவைப்பட்ட அந்நேரத்திலேயே அது ஊமையாகியது. ஆதலின், வீட்டில் ஒரு கம்பித் தொலைபேசியையும் வைத்திருங்கள் என்பது அனுபவசாலிகளின் அறிவுரையாயிற்று.

பதில் எந்திரத்தின் கதை

தொலைபேசிக் குரலைப் பதிந்துவைக்கும் எண்ணம் பழையது. டென்மார்க் நாட்டுப் பொறியாளர் வால்டெமார் பவுல்சன், காந்தமூட்டிய எஃகுக் கம்பியில் ஒலியைப் பதியும் 'டெலிகிராஃபோன்' என்னும் கருவியை 1898இல் உருவாக்கினார். அதனை 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் காட்சிக்கு வைத்தார். 1930களில் பெல் ஆய்வகத்தில் கிளாரன்ஸ் ஹிக்மன் காந்தப் பதிவைப் பயன்படுத்திப் பதில் எந்திரத்தையும் செய்து இயக்கினார். எனினும் அது சந்தைக்கு வரவில்லை. பேச்சு பதிவாகும் என்று தெரிந்தால் மக்கள் தொலைபேசியில் பேசவே அஞ்சுவர், அதனால் வணிகம் குறையும் என்று நிறுவனத்தின் மேலிடம் கருதியது. பிற்கால அனுபவம் இவ்வச்சத்தைப் பொய்யாக்கிற்று. 1971இல் 'ஃபோன்மேட்' என்னும் வீட்டு எந்திரம் விற்பனைக்கு வந்தது. 1974 முதல் 1980 வரை ஒளிபரப்பான 'தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடர் ஒவ்வொரு வாரமும் பதில் எந்திரத்தில் பதிவாகும் ஒரு செய்தியோடு தொடங்கியது. அந்த அளவுக்கு இது மக்களுக்குப் பழகிய பொருளாயிற்று.

இதன் இயக்கம் எளிது. மணி சில முறை அடித்த பின் எந்திரம் தானே அழைப்பை ஏற்கும். ஓர் ஒலிநாடாவில் வீட்டார் முன்னரே பதிந்துவைத்த வரவேற்புரை ஒலிக்கும். பிறகு 'பீப்' என்னும் ஓசை எழும். அதன்பின் அழைத்தவர் பேசுவது மற்றோர் ஒலிநாடாவில் பதியும்.

முதலில் அழைத்தவர்களே திகைத்தனர். எதிரில் ஆளில்லாமல் பேசுவது இறுமாப்பான உபசாரமாகத் தோன்றியமையால், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டவர் பலர். பேசியவரும் தம் எண்ணை விரைந்து கூறி முடித்தனர். எந்திரங்கள் சில, குறித்த நொடிகள் கடந்ததும் பேச்சின் நடுவிலேயே நிறுத்திவிட்டன. குரல் ஒலிக்கும் வரையில் பதியும் முறை இக்குறையை நீக்கிற்று. வெளியூரிலிருந்து தம் வீட்டு எந்திரத்தை அழைத்துச் செய்தி கேட்க விரும்பியவர்களுக்கு, செய்தி ஏதும் இல்லாதபோதும் நெடுந்தொலைவுக் கட்டணம் வீணாயிற்று. இதற்காக நுட்பமான ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. செய்தி இருந்தால் எந்திரம் இரண்டாம் மணியிலேயே எடுக்கும். இல்லையெனில் நான்காம் மணிவரை காத்திருக்கும். மூன்றாம் மணி கேட்டவுடன் அழைத்தவர் கட்டணமின்றி வைத்துவிடலாம்.

வரவேற்புரையிலும் மக்கள் பாடம் கற்றனர். 'நாங்கள் வெளியூர் சென்றுள்ளோம்' என்று பதிந்துவைப்பது திருடனுக்கு அழைப்பு விடுப்பதாகும். 'இப்பொழுது தொலைபேசிக்கு வர இயலவில்லை' என்று கூறுவதே தக்கது என உணர்ந்தனர். இன்னொரு வழக்கமும் தோன்றியது. வீட்டிலேயே இருந்துகொண்டு, பேசுபவர் யாரெனக் கேட்ட பின்னரே எடுப்பது அது. தொல்லை தரும் விற்பனையாளரைத் தவிர்க்க இது உதவியது. ஆனால், உறவினரும் நண்பரும், 'அவர் உள்ளே இருந்துகொண்டே எடுக்கவில்லையோ' என்று ஐயுறவும் இடந்தந்தது. பொய் சொல்லாமலே பொய்யுரைக்கும் ஒரு வழியை எந்திரம் கற்றுத் தந்தது எனலாம்.

எஞ்சிய குரல்

வளைகுடா நாடுகளில் பணிபுரிந்த நம்மவர், கடிதத்துக்கு மாற்றாக ஒலிநாடாவில் பேசிப் பதிந்து ஊருக்கு அனுப்பிய வழக்கத்தைப் பெரியோர் அறிவர். அக்குரல், அனுப்புவோர் எண்ணி எண்ணிப் பேசிய குரல். பதில் எந்திரத்தில் விழுந்த குரலோ அத்தகையதன்று. 'வரும்போது பால் வாங்கி வா', 'மழையால் தாமதமாகும்' என்பன போன்ற அன்றாடச் சொற்களே அதில் பதிந்தன. கேட்டதும் அழிக்கப்படுபவை அவை.

ஆயினும், பேசியவர் மறைந்துவிட்டால், அவ்வன்றாடச் சொல்லே பெருஞ்செல்வமாகிவிடுகிறது. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் கடத்தப்பட்ட விமானங்களிலிருந்தும் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களிலிருந்தும் அழைத்தோர் சிலரின் இறுதிச் சொற்கள் அவர்தம் வீட்டுப் பதில் எந்திரங்களில் பதிவாயின. வணிகம் குறையும் என்று 1930களில் ஒதுக்கப்பட்ட ஒரு கருவி, அக்குடும்பங்களுக்கு வேறெதனாலும் தர இயலாத ஒன்றைக் காத்துத் தந்தது. அத்தகைய பேரிடர் நேராத வீடுகளிலும் இது உண்மையே. தந்தை பதிந்த வரவேற்புரையை அவர் மறைவுக்குப் பின் மாற்ற மனமில்லாமல் வைத்திருந்தோர் உண்டு. அதனை அறியாமல் அழித்துவிட்டு வருந்தியோரும் உண்டு.

ஒலிநாடா இருந்தவரை அதனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக் காக்க முடிந்தது. பின்னர் குரல் சிறு மின்னணுச் சில்லில் பதிவாகியபோது, சில எந்திரங்களில் மின்சாரம் நின்றால் செய்திகளும் மறைந்தன. அதனைத் தடுக்க 9 வோல்ட் மின்கலம் ஒன்றை உள்ளே வைக்குமாறு கூறப்பட்டது. அது தீர்ந்தபோது மாற்றாதவர் இழந்தது செய்தியை மட்டுமன்று.

முடிவுரை

இரகசியக் குறியெண்ணும், தேடும் பொத்தானும், பிரித்து வைத்த மணியும், இரண்டு மணிக் கணக்கும், ஒன்பது வோல்ட் மின்கலமும் ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் யாரோ ஓர் இல்லத்தார் பட்ட இழப்போ, எழுப்பிய முறையீடோ நிற்பதைக் கண்டோம். பொறியாளர்கள் அம்முறையீட்டுக்குச் செவிசாய்த்தபோது கருவி வளர்ந்தது. செவிசாய்க்கக் காலந்தாழ்த்தியபோது மக்கள் செவித்திறனையும் அந்தரங்கத்தையும் இழந்தனர்.

இன்று இவ்விரு கருவிகளின் பணியைப் பெரும்பாலும் கைப்பேசி ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் குரலைக் கேட்டு ஏவல் செய்யும் எந்திரங்களும் வீடுகளுக்குள் வந்துவிட்டன. கருவிகள் மாறினும், அவற்றை வாங்குவோர் கேட்க வேண்டிய வினாக்கள் மாறவில்லை. மின்சாரம் நின்றால் இது என்ன செய்யும்? நான் பேசுவதை வேறு யார் கேட்க இயலும்? என் குரல் எங்கே, எவர் பொறுப்பில் இருக்கும்? விலையைக் கேட்கும் முன் இம்மூன்றையும் கேட்போமாக. குறை கண்டவிடத்து, 'நமக்கேன்' என்று வாளாவிராமல் அதனைத் தெளிவாக எழுதி உரியவர்க்கு அறிவிப்போமாக. மாணவர்கள் நாளை பொறியாளர்களாகும்போது, அத்தகைய ஒரு மடல் தம் மேசைக்கு வருமாயின், அதனை முழுதும் படித்துப் பார்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.